சராசரியில் தொலைந்த ஆறாம் வகுப்பு

தாண்டிக்குடிப் பக்கம் கள ஆய்வுக்குப் போயிருந்தேன். ஒரு தலைமையாசிரியர் பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் தளத்தைத் திறந்து காட்டினார். ஐந்தாம் வகுப்பு முடித்த பளியர் சிறுமி ஒருத்தியின் பெயர் ‘காமன் பூலில்’ நின்றது. ஒரு பள்ளியிலிருந்து விடுபட்டு இன்னொன்றில் சேராத பிள்ளைகளின் பட்டியல் அது. ஏன் சேரவில்லை? “ஆறாம் வகுப்பு அடுத்த ஊரில்தான். ஒற்றையடிப் பாதை, யானை வரும்” என்றார்.

நடுநிலைப் பள்ளி 3 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்கின்றன தமிழ்நாட்டின் கல்வி உரிமை விதிகள். வரைபடத்தில் நேர்கோடு போட்டு அளந்தால் இருக்கும். நடந்து பார்த்தவர்களிடம் கேளுங்கள்.

யுடைஸ் அறிக்கைகளில் சமூகம் என்பது எஸ்.சி., எஸ்.டி. போன்ற சில பெட்டிகள். பளியர் எஸ்.டி. பெட்டிக்குள்ளும் பழனிமலைப் புலையர் எஸ்.சி. பெட்டிக்குள்ளும் கரைந்துவிடுகிறார்கள். (தங்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கச் சொல்லிப் புலையர்கள் போராடுவது தனிக்கதை.) திண்டுக்கல் மாவட்டச் சராசரியில் முப்பது வீட்டுக் குடியிருப்பு எப்படித் தெரியும்?

1927இல் பம்பாய் சட்டமன்றத்தில் அம்பேத்கர் கல்விக் கணக்கைச் சமூகவாரியாகப் பிரித்துக் காட்டினார். மக்கள்தொகையில் இரண்டாம் இடத்திலிருந்த பிற்படுத்தப்பட்ட வகுப்பினர் கல்வியில் கடைசியில் நின்றதை அவையில் சுட்டிக்காட்டினார்.

நாம் கேட்க வேண்டியது இன்னொரு செயலி அல்ல. குடியிருப்புவாரியாக, நடைத்தூரத்தோடு பிரித்த கணக்கு. சிறிய ஊரில் எண்ணே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் அதை இணையத்தில் போட வேண்டாம். பள்ளி மேலாண்மைக் குழுவிடம் கொடுங்கள். 2009 சட்டப்படி பள்ளி வளர்ச்சித் திட்டம் போட வேண்டியது அந்தக் குழுதான். ஜீப் வேண்டுமா, ஊரிலேயே ஆறாம் வகுப்பு வேண்டுமா என்று அந்தச் சிறுமியின் அம்மா அங்கே சொல்லட்டும்.