ஒன்பது நிமிஷம், அப்புறம் பூஜ்யம்

ஒவ்வொரு செப்டம்பரும் ஒரு வீடியோ ஃபார்வேர்ட் ஆகும். அதுல கேக்கிற கேள்வி ஒண்ணுதான். 2001 செப்டம்பர் 11 அன்னிக்கு முதல் விமானம் கடத்தப்பட்டது காலை 8:14 வாக்குல. நாலாவது விமானம் விழுந்தது 10:03. கிட்டத்தட்ட ஒன்றே முக்கால் மணி நேரம். அமெரிக்க விமானப்படையால ஒண்ணைக்கூட மறிக்க முடியலையா? உடனே அடுத்த வரி: "வேணும்னே விட்டுட்டாங்க மச்சி."

கேள்வி நியாயமானதுதான். கேக்கிறவங்களை லூசுன்னு ஒதுக்கறது எனக்குப் பிடிக்கல. ஆனா கணக்கைப் போட்டுப் பாக்கணும் இல்லையா? நெட்வொர்க்ஸ் பேப்பர்ல லேட்டன்சி படிச்சோமே. மொத்த தாமதம்ங்கிறது ஒயர்ல போற நேரம் மட்டும் இல்ல, ஒவ்வொரு ரவுட்டர்லயும் காத்துக் கிடக்கிற நேரமும் சேர்ந்தது. எஃப்-15 எவ்வளவு வேகமா பறக்கும்ங்கிறது இங்க கடைசி ஹாப் மட்டும்.

முதல் விமானம் அமெரிக்கன் 11. 8:21க்கு அதோட டிரான்ஸ்பாண்டரை அணைச்சுட்டாங்க. அது ஓடினா ரேடார் திரையில விமானத்தோட அடையாளமும் உயரமும் தெரியும். அணைஞ்சா வெறும் புள்ளி. அன்னிக்கு அமெரிக்க வானத்துல இருந்தது சுமார் 4,500 விமானங்கள். கடத்தல்காரன் பேசினது பாஸ்டன் கன்ட்ரோல் சென்டர்ல கேட்டது 8:24 வாக்குல. வடகிழக்கு வான் பாதுகாப்புப் பிரிவுக்கு போன் போனது 8:38. விதிப்படி அந்தத் தகவல் விமானப் போக்குவரத்துத் தலைமையகம் போய், பென்டகன் போய், பாதுகாப்பு அமைச்சர் ஓகே வாங்கி, அப்புறம்தான் கீழ இறங்கணும். பாஸ்டன்காரங்க அந்த வரிசையைத் தாண்டி நேரா போன் போட்டதாலதான் அந்த 8:38 கூட. 8:46க்கு விமானம் கோபுரத்துல மோதிடுச்சு.

ஒன்பது நிமிஷம். நாலு விமானத்துலயும் ராணுவத்துக்குக் கிடைச்ச அதிகபட்ச அவகாசம் இதுதான். யுனைடெட் 175 கடத்தப்பட்ட தகவல் வந்தது, அது மோதின அதே 9:03க்கு. யுனைடெட் 93 பத்தி 10:07க்கு, அதாவது விழுந்து நாலு நிமிஷம் கழிச்சு. ஓட்டிஸ் தளத்திலிருந்து எஃப்-15 ரெண்டு 8:53க்கே மேல ஏறிடுச்சு. எங்க போகணும்னு சொல்ல யாருக்கும் தெரியல. கடல் பக்கம் வட்டமடிச்சிட்டு நியூயார்க் வந்து சேர்ந்தப்ப 9:25.

இதைவிடக் கொடுமை லாங்லி தளத்துக் கதை. அமெரிக்கன் 11 இன்னும் பறக்குது, வாஷிங்டனுக்கு வருதுன்னு 9:21க்கு ஒரு தப்புத் தகவல். ஏற்கனவே மோதி நொறுங்கின விமானம்! அதைப் பிடிக்க எஃப்-16களை அனுப்பினாங்க. அதுவும் வடக்க போகாம கிழக்க, கடல் மேல போச்சு. 9:37க்கு பென்டகன்ல விமானம் மோதினப்ப அதுங்க சுமார் 150 மைல் தள்ளி இருந்துச்சு.

அமெரிக்க நிலப்பரப்பு முழுக்க அன்னிக்குத் தயார் நிலையில இருந்தது ஏழு தளம், 14 போர் விமானம். பனிப்போர் முடிஞ்சதும் குறைச்சுட்டாங்க. ஆபத்து வந்தா வெளியிலிருந்துதான் வரும், உள்ளூர் பயணிகள் விமானம் ஏவுகணை ஆகாதுன்னு ஒரு நினைப்பு.

வீடியோவுல இன்னொரு பாயின்ட் வரும். 1999ல கோல்ஃப் வீரர் பெய்ன் ஸ்டூவர்ட்டோட ஜெட் பதில் சொல்லாம போனப்ப, 20 நிமிஷத்துல போர் விமானம் பக்கத்துல வந்துடுச்சாம். தொடர்பு அறுந்தது 9:33, எஃப்-16 வந்தது 9:54. ஆனா முதல் நேரம் கிழக்கு மண்டலம், ரெண்டாவது நேரம் மத்திய மண்டலம். நடுவுல ஒரு மணி நேரம் வித்தியாசம். உண்மையான கணக்கு சுமார் 80 நிமிஷம். இத்தனைக்கும் அந்த ஜெட்டோட டிரான்ஸ்பாண்டரை யாரும் அணைக்கல.

அப்போ கேள்வியை மூடிடலாமா? இல்ல. எனக்குக் கோபம் வர்ற இடமே இனிமேதான்.

2003 மே மாசம் விசாரணை ஆணையத்துக்கு முன்னாடி நோராட் அதிகாரிகள் ஒரு டைம்லைன் கொடுத்தாங்க. யுனைடெட் 93 கடத்தப்பட்டது 9:16க்கே தெரியும், பென்டகன்ல மோதின அமெரிக்கன் 77 பத்தி 9:24க்கே தெரியும்னு. 93 கடத்தப்பட்டதே 9:28க்குத்தான்! ஆணையம் சம்மன் அனுப்பி ஒலிப்பதிவுகளை வாங்கிக் கேட்டதுக்கு அப்புறம்தான் குட்டு வெளிப்பட்டது. 2004 அறிக்கை அந்த ரெண்டு நேரமும் தப்புன்னு எழுதினது. வேணும்னு சொன்ன பொய்னு காட்ட ஆதாரம் இல்லன்னு பாதுகாப்புத் துறையோட உள்விசாரணை பின்னாடி சொல்லிடுச்சு. சரி, இருக்கட்டும். ஆனா ஒலிப்பதிவு அவங்க கையிலயேதான இருந்தது? கேக்காம எப்படி சாட்சி சொன்னாங்க?

யோசிச்சுப் பாருங்க. 9:16க்கே தெரிஞ்சிருந்தா 47 நிமிஷம் கையில இருந்ததுன்னு அர்த்தம். 47 நிமிஷத்துல ஏன் பிடிக்கலன்னு எவனும் கேப்பான், கேக்கணும். சதிக்கதைக்குத் தீனி போட்டது யூட்யூப்காரன் மட்டும் இல்ல, தங்களோட குழப்பத்தை ஒழுங்கான அட்டவணையா மாத்திக் காட்டின அதிகாரிகளும்தான். "எங்களுக்குத் தெரியவே இல்ல"ன்னு முதல் நாளே சொல்லியிருந்தா கேவலமா இருந்திருக்கும். ஆனா அதுதான் நடந்தது.

விமானத்தைச் சுட அனுமதிங்கிற ஆர்டர் வடகிழக்குப் பிரிவுக்கு வந்தது 10:31க்கு. அது பைலட்டுகளுக்குப் போய்ச் சேரவே இல்ல. 93 அதுக்கு 28 நிமிஷம் முன்னாடியே பென்சில்வேனியா வயல்ல விழுந்திருந்தது. அதை வாஷிங்டன் போகவிடாம பண்ணினது உள்ள இருந்த பயணிகள். அவங்களுக்குத் தகவல் கிடைச்சது வீட்டுக்குப் பேசின போன்ல.