கிட்னி கல் வலி: எமர்ஜென்சியில் 'ஸ்ட்ராங்' ஊசி கேட்க வேண்டுமா?

ராத்திரி 2 மணி. விலாவில் தொடங்கி அடிவயிறு வரை இழுக்கும் வலி. உட்காரவும் முடியல, படுக்கவும் முடியல. எமர்ஜென்சிக்கு ஓடினால், ஒரு டைக்ளோஃபினாக் ஊசி போடுகிறார்கள். 'மூட்டு வலிக்குப் போடுற அதே ஊசிதானே, இதைவிட ஸ்ட்ராங்கா எதுவும் இல்லையா?' என்று கூட வந்தவர்களுக்குக் கோபம் வரும். அந்தக் கோபம் நியாயமா?

வலி எப்படி வருகிறது?

சிறுநீர்க் குழாயில் கல் சிக்கினால், அதற்கு மேலே சிறுநீர் தேங்கி, கிட்னிக்குள் அழுத்தம் ஏறும். அப்போது சுரக்கும் புராஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் கிட்னிக்கு ரத்த ஓட்டத்தைக் கூட்டும். சிறுநீரும் அதிகமாகும், அழுத்தம் இன்னும் ஏறும். டைக்ளோஃபினாக் இந்த வேதிப்பொருள் உருவாவதையே தடுக்கிறது. மார்ஃபின் அப்படியில்லை. வலி உணர்வை அமுக்குமே தவிர, அழுத்தத்தைக் குறைக்காது.

ஆய்வு என்ன சொல்கிறது?

கத்தார் தலைநகர் தோஹாவில் உள்ள ஹமத் பொது மருத்துவமனையின் எமர்ஜென்சியில் 1,600க்கும் மேற்பட்டவர்களிடம் மூன்று மருந்துகளை ஒப்பிட்டார்கள். முடிவு 2016இல் லான்செட் இதழில் வெளியானது. 30 நிமிடத்தில் வலி பாதியாவது குறைந்தவர்கள்:

• டைக்ளோஃபினாக் (தசையில் ஊசி): 68%
• பாராசிட்டமால் (நரம்பு வழியாக): 66%
• மார்ஃபின் (நரம்பு வழியாக): 61%

பக்கவிளைவு மார்ஃபின் போட்டவர்களில் 3%, மற்ற இரண்டிலும் 1%.

பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதே வரிசைதான். முதலில் டைக்ளோஃபினாக் வகை மருந்து. அது ஒத்துக்காது அல்லது போதவில்லை என்றால், நரம்பு வழியாகப் பாராசிட்டமால். அதுவும் சரிவராவிட்டால்தான் மார்ஃபின் வகை.

அப்போ எல்லாருக்கும் டைக்ளோஃபினாக்கா?

இல்லை. கிட்னி ஏற்கெனவே பாதிக்கப்பட்டவர்கள், அல்சர் அல்லது இதய நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், வலி மாத்திரை போட்டால் மூச்சு இழுப்பு வருபவர்கள் ஊசி போடும் முன்பே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். வலியில் துடிப்பவருக்கு இதெல்லாம் ஞாபகம் வராது. கூடப் போகிறவர்தான் சொல்ல வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் நாமே வாங்கிப் போட்டுக்கொள்வதில் உள்ள ஆபத்தும் இதுதான்.

68% என்ற எண்ணுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. கிட்டத்தட்ட மூன்றில் ஒருவருக்கு அரை மணி நேரத்தில் அந்த அளவு நிவாரணம் கிடைக்கவில்லை. அதனால் வலி குறையாவிட்டால் பொறுத்துக்கொண்டு படுத்திருக்க வேண்டாம். 'அடுத்து என்ன கொடுக்கலாம்?' என்று கேளுங்கள். அது உங்கள் உரிமை.

வலியோடு காய்ச்சல், குளிர் நடுக்கம் இருந்தாலோ, சிறுநீரே வராவிட்டாலோ வலி ஊசியோடு வீட்டுக்குக் கிளம்பிவிடாதீர்கள். அடைப்புக்கு மேல் கிருமித்தொற்று இருந்தால், உயிருக்கே ஆபத்து.