மூட்டைக்கு நாப்பது கிலோன்னு எவன் சொன்னது?

பதிவு போட்டு ரொம்ப நாளாச்சு. இன்னைக்குக் கொஞ்சம் சூடாத்தான் இருக்கும், பொறுத்துக்கங்க.

எங்க மாமாவுக்கு மதுரை கீழமாசி வீதியில மொத்த வியாபாரம். வத்தல், மல்லி, புளி. ரெண்டு கிட்டங்கி. சரக்கு, பில்லு, பாக்கி எல்லாத்தையும் ஒரே சாஃப்ட்வேருக்குள்ள கொண்டு வரணும்னு ஆசைப்பட்டார். ஈஆர்பிங்கிறாங்களே, அதான். ஆசை தப்பில்ல. அதைப் போட்டுக்கொடுக்க ஆள் பிடிச்சார் பாருங்க, அங்கதான் சறுக்கல்.

வந்த கன்சல்டன்ட் ஒரு ஏசி ஓட்டல்ல வச்சு படம் காட்டினார். கலர் கலரா கோடு ஏறுது, வட்டம் சுத்துது. மாமா அங்கேயே அட்வான்ஸ் கொடுத்துட்டார். கிட்டங்கிப் பக்கம் அந்த மனுஷன் எட்டிக்கூடப் பார்க்கல. தீபாவளிக்கு மூணு வாரம் இருக்கும்போது பழைய சிட்டையை மூடிட்டுப் புதுசை ஓட விட்டாய்ங்க.

மாசக் கடைசியில வத்தல் இருப்பு உதைக்குது. கம்ப்யூட்டர் ஒண்ணு சொல்லுது, தராசு ஒண்ணு சொல்லுது. சந்தேகம் யார் மேல போச்சு? முப்பது வருஷமா கணக்கு எழுதுற பெரியவர் மேல! மனுஷன் ஒரு வார்த்தை பேசாம சாவியை வச்சிட்டுப் போயிட்டார்.

அப்புறம் நான் உக்காந்து பார்த்தா, ஒரு மூட்டைன்னா 40 கிலோன்னு அடிச்சு வச்சிருக்காய்ங்க. வத்தல் மூட்டை ஒண்ணு 38 இருக்கும், ஒண்ணு 43 இருக்கும். கிட்டங்கியில கிடந்தா காய்ஞ்சு எடை இறங்கும். இது லோடுமேனுக்குத் தெரியும். கன்சல்டன்ட் அவங்ககிட்ட கேக்கவே இல்ல.

"பெரிய கம்பெனியைப் பிடிச்சிருக்கணும்"னு பின்னூட்டத்துல சொல்லப் போறவங்களுக்கு: ஜெர்மனியோட லிடில் சூப்பர் மார்க்கெட் 2011ல எஸ்ஏபி வேலையை ஆரம்பிச்சு, சுமார் 50 கோடி யூரோ செலவழிச்சு, 2018ல கைவிட்டுச்சு. முக்கியமான சிக்கல்னு செய்தியில வந்தது என்ன தெரியுமா? லிடில் இருப்பை மதிப்புப் போட்டது கொள்முதல் விலையில, சாஃப்ட்வேரோட வழக்கம் விற்பனை விலை. அமெரிக்காவுல ஹெர்ஷி சாக்லேட்காரங்க 1999ல சீசன் நெருங்கும்போது புது சிஸ்டத்துக்கு மாறி, கிட்டங்கியில சரக்கு இருந்தும் கடைகளுக்கு அனுப்ப முடியாம முழிச்சாங்க. ஆக, பெரிய பேரு காப்பாத்தாது.

என் கட்சி இதுதான். லேப்டாப்பைத் திறக்கறதுக்கு முன்னாடி உங்க சிட்டையைப் பார்க்கணும்னு கேக்கறவர்தான் கன்சல்டன்ட். மத்தவரெல்லாம் சாஃப்ட்வேர் விக்க வந்த சேல்ஸ்மேன். "இதை வித்தா உங்களுக்கு எவ்வளவு கமிஷன்?"னு மூஞ்சிக்கு நேரா கேளுங்க. கோவம் வந்தா வாசலைக் காட்டுங்க.

டெமோ உங்க பில்லை வச்சு நடக்கட்டும். சரக்கு திரும்பி வந்த பில்லு, பாதிப் பணம் வந்த பில்லுன்னு வில்லங்கமான பத்தைக் கொடுங்க. டெமோ காட்டறவரேதான் வேலைக்கும் வருவாரா, இல்ல நேத்து சேர்ந்த பையனை அனுப்புவாரான்னு கேட்டு ஒப்பந்தத்துல பேரோட எழுதி வாங்குங்க. பாஸ்வேர்டும் பேக்கப்பும் உங்க பீரோவுல இருக்கணும். குறைஞ்சது ஒரு மாசம் பழைய கணக்கும் புதுக் கணக்கும் சேர்ந்தே ஓடணும், ரெண்டும் ஒத்துப்போன பிறகுதான் கடைசித் தவணை.

அவரோட பழைய கஸ்டமர் ரெண்டு பேரைப் பார்த்து ஒரே கேள்வி கேளுங்க: "2025 செப்டம்பர் 22ல ஜிஎஸ்டி விகிதம் மாறுச்சே, அன்னைக்கு இவர் போனை எடுத்தாரா?" அதுல தெரிஞ்சிடும் ஆளோட லட்சணம்.

இதெல்லாம் மெனக்கெடற வேலைதான். நம்ம முதலாளிங்க ஒரு வத்தல் மூட்டை வாங்கறதுக்கே கையை விட்டுக் கிளறி, மோந்து பார்த்து, காம்பைக் கிள்ளிப் பார்த்துதான் வாங்குவாங்க. லட்சக்கணக்குல கொட்டி ஆள் எடுக்கறப்ப மட்டும் எப்படிங்க கண்ணை மூடிக்கறாங்க?

மாமா வீடு தேடிப் போய் மன்னிப்புக் கேட்டு பெரியவரைக் கூட்டிட்டு வந்துட்டார். வர்றார், கணக்கு எழுதறார். ஆனா சாயங்காலம் கடை கட்டறப்ப மாமாகூட டீ குடிக்க நிக்கறதில்ல.

டிஸ்கி: நான் எந்த சாஃப்ட்வேரும் விக்கல சாமி. வர்ற கும்மியை பின்னூட்டத்துல வாங்கிக்கறேன் :-)