வெந்நீருக்கு வரிச் சலுகை!
கிடைத்தது யாருக்கு?

குளிர்காலம். விடியற்காலை. வெளியே பனி கொட்டுகிறது. குழாயைத் திறந்தால் தண்ணீர் விரலை வெட்டுகிறது. வீட்டின் கீழறையில் நிற்கும் வெந்நீர்த் தொட்டி பழுதாகிவிட்டது!

அமெரிக்காவில் எந்த வீட்டிலும் நடக்கக்கூடிய சங்கதி இது. குளிக்க, பாத்திரம் கழுவ, துணி துவைக்க, எல்லாவற்றுக்கும் அந்த ஒரு தொட்டிதான். உடனே குழாய் ரிப்பேர்காரருக்கு டெலிபோன் போகிறது. அவர் வருகிறார். வண்டியில் எந்தத் தொட்டி இருக்கிறதோ, அதை மாட்டிவிட்டுப் போகிறார்.

அது பெரும்பாலும் பழைய மாதிரித் தொட்டி. விலை மலிவு. ஆனால் மின்சாரத்தை விழுங்கும். அதன் ஆயுளோ சுமார் பத்து ஆண்டு. ஒரு காலை அவசரத்துக்குப் பத்து ஆண்டு கட்டணம்!

ஐஸ் பெட்டி தலைகீழாக...

இதற்கு மாற்று இருக்கிறது. அதன் பெயர் "ஹீட் பம்ப்" தொட்டி.

ஐஸ் பெட்டி என்ன செய்கிறது? உள்ளே இருக்கும் சூட்டை இழுத்து வெளியே தள்ளுகிறது. ஹீட் பம்ப் அதே வேலையைத் திருப்பிச் செய்கிறது. சுற்றியுள்ள காற்றில் இருக்கும் சூட்டை இழுத்துத் தண்ணீரில் சேர்க்கிறது. சூட்டைப் புதிதாக உண்டாக்குவதை விட, இருக்கிற சூட்டை இடம் மாற்றுவது சுலபம் அல்லவா?

பழைய தொட்டி ஒரு பங்கு மின்சாரத்தை வாங்கினால், ஒரு பங்கு சூட்டைக் கூட முழுதாகத் தராது. ஹீட் பம்ப் மூன்று பங்குக்கு மேல் தருகிறது. அமெரிக்க வீடுகளில் செலவாகும் எரிசக்தியில் 100-க்கு சுமார் 18 பங்கு வெந்நீருக்கே போகிறது. ஆகவே மிச்சம் சொற்பம் அல்ல.

குறைகளும் உண்டு. தண்ணீர் மெதுவாகத்தான் சுடும். கொஞ்சம் இரைச்சல் போடும். எல்லாவற்றிலும் பெரிய குறை விலை. பழைய தொட்டியைப் போல இரண்டு, மூன்று மடங்கு!

ஆயிரத்து இருநூறு டாலர் எங்கே?

இந்த விலையைக் குறைக்கத்தான் 2022 ஆகஸ்டில் ஒரு சட்டம் வந்தது. ஜனாதிபதி ஜோ பைடன் கையெழுத்திட்டார். ஹீட் பம்ப் வாங்கி மாட்டும் செலவில் 100-க்கு 30 வீதம், 2,000 டாலர் வரை, வருமான வரியில் கழித்துக் கொள்ளலாம் என்று இருந்தது. இந்தச் சலுகை 2023 முதல் நடப்புக்கு வந்தது.

நல்ல காரியம்தான். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் ஓட்டை தெரிகிறது.

ஒருவருக்கு 4,000 டாலர் செலவு என்று வைத்துக் கொள்ளுங்கள். சலுகை 1,200 டாலர். ஆனால் முதலில் 4,000 டாலரையும் அவர் எடுத்து வைக்க வேண்டும். அடுத்த ஆண்டு வரிக் கணக்குக் காட்டும்போதுதான் சலுகை.

சரி, அவர் கட்ட வேண்டிய வரியே 300 டாலர்தான் என்றால்? கிடைப்பதும் 300தான். மீதி 900 போயே போய்விட்டது! அடுத்த ஆண்டுக்கு எடுத்துச் செல்லவும் முடியாது. சம்பளம் குறைவு, வரியே கிடையாது என்றால்? ஒரு காசும் இல்லை.

வாடகை வீடு என்றால் கதை இன்னும் மோசம். வீட்டுச் சொந்தக்காரர் அங்கே குடியிருக்காவிட்டால் அவருக்குச் சலுகை கிடைக்கவில்லை. மின்சாரக் கட்டணமோ பல இடங்களில் குடியிருப்பவர் தலையில்! பிறகு எதற்காக அவர் விலை உயர்ந்த தொட்டி வாங்கப் போகிறார்?

கலிபோர்னியா பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் செவரின் போரன்ஸ்டைன், லூகாஸ் டேவிஸ் இருவரும் வரிக் கணக்குகளைப் புரட்டிப் பார்த்தார்கள். ஹீட் பம்ப், சூரியத் தகடு, மின்சாரக் கார் முதலியவற்றுக்குத் தந்த சலுகையில் 100-க்கு சுமார் 60 பங்கு, உச்சியில் உள்ள ஐந்தில் ஒரு பகுதிக் குடும்பங்களுக்கே போயிருக்கிறது. கீழே உள்ள ஐந்தில் மூன்று பகுதிக்குச் சேர்ந்தது சுமார் 10 பங்குதான். வசதி உள்ளவருக்கே வசதி!

ஏழைகளுக்கு அந்தச் சட்டத்தில் வழி இல்லாமல் இல்லை. வாங்கும்போதே 1,750 டாலர் வரை தள்ளுபடி என்று ஓர் ஏற்பாடு இருந்தது. அதை நடத்தும் பொறுப்பு மாநிலங்களுக்கு. முதல் மாநிலமாக நியூயார்க் அதைத் தொடங்கியபோது 2024 மே மாதம் ஆகிவிட்டது. உடைந்த தொட்டி அதுவரை காத்திருக்குமா?

33 டாலருக்குத் தொட்டி!

ஆஸ்திரேலியாவில் வேறு முறை. அங்கே சலுகைச் சான்றிதழை விற்பவர் வாங்கிக் கொள்கிறார். அதன் மதிப்பை விலையில் அப்போதே கழித்து விடுகிறார். வரிக் கணக்கு வரை காத்திருக்க வேண்டியதில்லை. இதுதான் சரியான முறை.

அங்கும் கூத்து நடந்தது. "33 டாலர் கொடுத்தால் போதும்" என்று விளம்பரங்கள் கிளம்பின! சும்மா வருகிறது என்றால் எந்தச் சரக்கு என்று யார் பார்ப்பார்கள்? வீட்டுக்காரர் 200 டாலராவது தர வேண்டும் என்று நியூ சவுத் வேல்ஸ் அரசு 2024-ல் கட்டாயப்படுத்தியது. தள்ளுபடியை நிறுத்தவில்லை. ஓட்டையை அடைத்தார்கள்.

அமெரிக்கா என்ன செய்தது? வரிச் சலுகை 2032 வரை இருக்கும் என்று சொல்லியிருந்தார்கள். 2025 ஜூலை 4-ந் தேதி ஜனாதிபதி டிரம்ப் கையெழுத்திட்ட சட்டம், அதை அந்த ஆண்டு டிசம்பர் 31-ந் தேதியோடு முடித்துவிட்டது. "பணக்காரருக்குப் போன பணம்தானே, போகட்டும்" என்பாரும் உண்டு. பணக்காரர் சலுகை இல்லாமலும் வாங்கிக் கொள்வார். மெல்ல மெல்லக் காசு சேர்த்தவர் அல்லவா ஏமாந்தார்?

கலிபோர்னியாவில் ஒரு யுக்தி செய்கிறார்கள். தொட்டி பழுதானால், சில இடங்களில் ரிப்பேர்காரர் அன்றே ஓர் இரவல் தொட்டியை மாட்டிக் கொடுக்கிறார். வீட்டில் வெந்நீர் வந்துவிடுகிறது. அவசரம் போய்விடுகிறது. நாலு இடம் விசாரித்து, தள்ளுபடிக்கு மனு எழுதிப் போட்டு, ஹீட் பம்ப் வாங்க அவகாசம் கிடைக்கிறது.

அரசுப் பணம் முதலில் போகவேண்டியது அந்த இரவல் தொட்டிக்கு. அடுத்து, விலைச் சீட்டிலேயே கழியும் தள்ளுபடிக்கு. வரிக் கணக்கில் சலுகை தருவதை அதற்குப் பிறகு யோசிக்கலாம்.