வீட்டில் உருக்கும் ஈயக்குண்டு: சிக்கனம் யாருக்கு? செலவு யாருக்கு?

துப்பாக்கித் தோட்டா என்பது ஒரே பொருள் அல்ல, நான்கு பொருட்களின் சேர்க்கை. வெளியே பித்தளைக் கூடு, அதன் அடியில் தீப்பொறி தரும் கேப், உள்ளே மருந்து, முனையில் குண்டு. சுட்ட பிறகு கேப்பும் மருந்தும் எரிந்துவிடும், குண்டு பறந்துவிடும். கூடு மட்டும் மிஞ்சும். அந்தக் கூட்டைத் தூக்கி எறியாமல் மறுபடி நிரப்பிக்கொள்வது அமெரிக்காவில் ஒரு பெரிய பொழுதுபோக்கு. மருந்தும் கேப்பும் கடையில்தான் வாங்க வேண்டும், குண்டையாவது நாமே செய்துகொள்ளலாமே என்று நினைப்பவர்கள் பழைய ஈயத்தை உருக்கி, அச்சில் ஊற்றி, வீட்டிலேயே குண்டு வார்க்கிறார்கள். கார் சக்கரத்தின் பேலன்ஸுக்கு மாட்டும் சின்ன எடைகளும் பழைய ஈயக் குழாய்களும் அவர்களுக்கு மூலப்பொருள். இதற்கான அச்சுகளை விற்கும் லைமன் கம்பெனி 1878இலிருந்து இருக்கிறது.

அவர்கள் சொல்லும் காரணங்களில் நியாயம் இல்லாமல் இல்லை. செலவு குறைவு, கடையை நம்பி இருக்க வேண்டாம், தன் கையால் ஒரு பொருளைச் செய்த திருப்தி, கழிவுப் பொருள் பயன்படுகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது!

சரி, இதற்கும் அச்சரப்பாக்கத்துக்கும் என்ன சம்பந்தம்? நிறைய இருக்கிறது.

இங்கே ஒவ்வொரு வெடியும் ரீலோடிங்தான்

நம் ஊர்ப் பக்கம் நாட்டுத் துப்பாக்கி என்று சொல்லப்படுவதில் தோட்டாவே கிடையாது. குழாயின் வாய் வழியாகக் கரிமருந்தைக் கொட்டி, மேலே ரவையைப் போட்டுக் கெட்டித்துச் சுட வேண்டும். ஒரு முறை சுட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். ரவை என்பது உருக்கிய ஈயமாக இருக்கலாம், இல்லையென்றால் சைக்கிள் கடையில் கிடைக்கும் பால்ரஸாக இருக்கலாம். "நாட்டுத் துப்பாக்கி, கரிமருந்து, பால்ரஸ் குண்டுகள் பறிமுதல்" என்று செய்தித்தாளில் அடிக்கடி வருவது இதுதான்.

அமெரிக்காவில் பொழுதுபோக்காக இருப்பது இங்கே குற்றம். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆவது பிரிவுப்படி உரிமம் இல்லாமல் ஆயுதமோ தோட்டாவோ தயாரிக்கக் கூடாது. தோட்டாவின் பாகங்களும், தோட்டா செய்யும் இயந்திரமும்கூட அந்தச் சட்டத்தின் கண்ணில் 'தோட்டா'தான். 2019இல் சட்டத்தைத் திருத்தியபோது இதற்கான தண்டனையையும் உயர்த்திவிட்டார்கள். குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள். இன்டர்நெட்டில் வெள்ளைக்காரர் வீடியோவைப் பார்த்துவிட்டு மாடியில் அடுப்பு வைக்க நினைக்கும் கல்லூரி மாணவர்கள் இந்த ஒரு வரியை மட்டுமாவது படிப்பது நல்லது.

ஆனால் சட்டம் இருக்கிறது என்பதோடு விஷயம் முடியவில்லை. சட்டம் இல்லாவிட்டாலும் இது வேண்டாத வேலை என்பதற்கு இந்த வட்டாரத்திலேயே சாட்சி இருக்கிறது.

ப்ளேஸ் துரையும் பறவைகளும்

அச்சரப்பாக்கம் இருக்கும் அதே மதுராந்தகம் பகுதியில்தான் வேடந்தாங்கல். 1763இல் ஆற்காட்டு நவாப் செங்கல்பட்டுப் பகுதியைக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். கம்பெனியோடு சிப்பாய்கள் வந்தார்கள், சிப்பாய்களோடு துப்பாக்கி வந்தது. அந்தக் காலத்துத் துப்பாக்கிக்குக் குண்டு என்பது அச்சில் வார்த்த ஈய உருண்டைதான். வேடந்தாங்கல் ஏரிக்கு வந்த பறவைகளை வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சுட்டுத் தள்ள, ஊர்க்காரர்கள் கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள்.

அந்தக் கலெக்டர் லயனல் ப்ளேஸ். மதுராந்தகம் ஏரி காத்த ராமர் கதையில் வரும் அதே ப்ளேஸ் துரைதான்! 1798இல் பறவைகளைச் சுடக் கூடாது என்று ஊர்க்காரர்களுக்குக் கவுல் எழுதிக் கொடுத்தார்.

ஊர்க்காரர்கள் அப்படிக் கேட்டதற்குக் காரணம் பறவைப் பாசம் மட்டும் இல்லை. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்குப் பாய்ந்தால் உரம் போடாமலே நெல் விளையும் என்பது அவர்களுக்குத் தெரியும். சுடுகிறவனுக்கு ஒரு வேளைக் கறி, ஊருக்கு ஒரு போக விளைச்சல். எது பெரிது என்று 200 வருடங்களுக்கு முன்பே கணக்குப் போட்டிருக்கிறார்கள். 2022இல் வேடந்தாங்கலும் பக்கத்து கரிக்கிலியும் ராம்சர் ஈரநிலங்களாக அறிவிக்கப்பட்டன. அதற்கான முதல் மனுவைப் போட்டவர்கள் பெயர் தெரியாத அந்த விவசாயிகள்தான்.

எந்த ஈயம்?

"ஈயம் நல்லதுதானே, பாட்டி ஈயச் சொம்பில்தானே ரசம் வைத்தார்" என்று சிலர் கேட்பார்கள். தமிழில் ஈயம் இரண்டு. ரசச் சொம்பும் பாத்திரத்துக்குப் பூசுவதும் வெள்ளீயம். குண்டுக்கும், பேட்டரிக்கும், வீச்சுவலையின் ஓரத்தில் கோர்க்கும் மணிக்கும் பயன்படுவது காரீயம். முதலாவது சமையலறைக்குள் வரலாம். இரண்டாவது வீட்டுப் பக்கமே வரக் கூடாது.

காரீயம் சுமார் 327 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். விறகு அடுப்பே போதும். அதுதான் அதன் வசதி, அதுதான் அதன் ஆபத்தும்கூட. உருகிய ஈயத்தின் மேல் சாம்பல் நிறத்தில் ஒரு கசடு படியும். அதை வழித்துக் கொட்டும்போது தூள் பறக்கும். அது கையில், சட்டையில், தரையில் ஒட்டிக்கொள்ளும். வாசனை இல்லை, எரிச்சல் இல்லை, அதனால் யாருக்கும் தெரியாது. அதே தரையில் தவழும் குழந்தை விரலை வாயில் வைக்கும். பழைய பேட்டரியை உடைத்து எடுத்த ஈயம் என்றால் இன்னும் மோசம், அதில் ஆன்டிமனி, ஆர்சனிக் போன்றவையும் சேர்ந்திருக்கும்.

உடம்பில் ஈயம் இந்த அளவு வரை இருக்கலாம் என்று ஒரு பாதுகாப்பான எல்லையே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். உள்ளே போகும் ஈயத்தைப் பெரியவர்களைப்போல 4, 5 மடங்கு குழந்தைகளின் உடம்பு உறிஞ்சிக்கொள்ளும். அது எலும்பில் போய்த் தங்கும், மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். காய்ச்சல் வராது, தழும்பு இருக்காது. படிப்பு ஏறாத பிள்ளை என்று ஆசிரியர் திட்டுவார், அவ்வளவுதான். 2020இல் யுனிசெஃபும் ப்யூர் எர்த் அமைப்பும் வெளியிட்ட அறிக்கை, இந்தியாவில் மட்டும் சுமார் 27.5 கோடிக் குழந்தைகளின் ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமுக்கு மேல் ஈயம் இருப்பதாக மதிப்பிட்டது. பெட்ரோலில் ஈயம் கலப்பதை இந்தியா 2000ஆம் ஆண்டிலேயே நிறுத்திவிட்டது. அப்படியும் இந்த நிலை.

அடுத்தது பறவை. குறி தப்பிய ரவை எங்கே போகும்? ஏரிச் சேற்றுக்குள் போகும். ஊசிவால் வாத்து, தட்டைவாயன் போன்றவை இரையை அரைப்பதற்காகச் சின்னக் கற்களை விழுங்கும் வழக்கம் உள்ளவை. கல் என்று நினைத்து ரவையை விழுங்கினால் வயிற்றுக்குள் அது அரைபட்டு ரத்தத்தில் கலந்துவிடும். ஒன்றிரண்டு ரவை போதும், வாத்து சாகும். அதாவது, குறி தப்பிய குண்டும் கொல்லும். அதற்குப் பல வருடம்கூட ஆகலாம்! இந்தக் காரணத்தால்தான் அமெரிக்கா 1991இல் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈய ரவையைத் தடை செய்தது. டென்மார்க் 1996இல் எல்லா வேட்டைக்கும் தடை செய்தது. ஐரோப்பிய யூனியன் 2023இலிருந்து ஈரநிலங்களில் தடை செய்திருக்கிறது. டென்மார்க்கில் வேட்டை நின்றுவிடவில்லை. எஃகு ரவைக்கு மாறிக்கொண்டார்கள்.

கம்பெனித் தோட்டாவிலும் ஈயம்தானே இருக்கிறது என்று கேட்கலாம். இருக்கிறது, அதுவும் ஒழிய வேண்டியதுதான். ஆனால் தொழிற்சாலைக்கு ஆய்வாளர் வருவார், தொழிலாளிக்கு ரத்தப் பரிசோதனை உண்டா என்று கேள்வி கேட்கலாம். வீட்டு அடுப்பை யார் சோதிப்பது? சிக்கனம் சுடுகிறவருக்கு, செலவு அவர் வீட்டுக் குழந்தைக்கும் ஊர் ஏரிக்கும்.

தடை போட்டால் போதுமா?

இங்கேதான் யாரும் பேசாத பகுதி வருகிறது. நாட்டுத் துப்பாக்கி என்றதும் எல்லோரும் கை நீட்டுவது நரிக்குறவர்களை நோக்கித்தான். ஒரு காலத்தில் வயலில் நரியும் பறவையும் சேதம் செய்யாமல் விரட்ட ஊராரே அவர்களைக் கூப்பிட்டார்கள். அவர்கள் சுட்ட காடையையும் கொக்கையும் வாங்கித் தின்றதும் ஊரார்தான். 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1991இல் அதைத் திருத்தி வேட்டையை ஏறக்குறைய முழுமையாகத் தடுத்தார்கள். சரியான சட்டம்தான். ஆனால் நாளையிலிருந்து துப்பாக்கியைத் தொடாதே என்று சொன்னவர்கள், நாளை மறுநாள் எதை வைத்துச் சாப்பிடுவது என்று சொல்லவில்லை. ஊசியும் பாசிமணியும்தான் மிச்சம்.

இப்படித்தான் ஆகியிருக்க வேண்டும் என்பதில்லை. அதே செங்கல்பட்டு மாவட்டத்தில், மாமல்லபுரம் போகும் கடற்கரைச் சாலையில் இருக்கும் வடநெம்மேலியைப் பாருங்கள். பாம்பைப் பிடித்துத் தோலுக்கு விற்றுப் பிழைத்த இருளர்களின் தொழிலும் அதே காலத்தில்தான் தடைப்பட்டது. ஆனால் அவர்களுக்கு 1978இல் ஒரு கூட்டுறவு சங்கம் அமைந்தது. பாம்பைப் பிடித்து, விஷத்தை எடுத்து, பாம்பைத் திரும்பக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். அந்த விஷத்திலிருந்துதான் பாம்புக் கடிக்கு மருந்து தயாராகிறது. குற்றமாகிப்போன ஒரு திறமை, நாட்டுக்கே உயிர் காக்கும் திறமையாக மாறியது. இருளர்களான மாசி சடையனுக்கும் வடிவேல் கோபாலுக்கும் 2023இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். இருளர்களின் வறுமை இதனால் தீர்ந்துவிட்டது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் சட்டம் ஒரு கதவை மூடியபோது இன்னொரு கதவை யாரோ திறந்துவைத்தார்கள்.

நரிக்குறவர்களுக்கு அப்படி ஒரு கதவு திறக்கவில்லை. 2021இல் மாமல்லபுரம் கோயில் அன்னதானப் பந்தியில் தன்னை உட்கார விடவில்லை என்று ஒரு நரிக்குறவப் பெண் பேசிய வீடியோ தமிழ்நாடு முழுக்கப் பரவிய பிறகுதான் பலருக்கு அவர்கள் நினைவே வந்தது. அந்த வருடம் தீபாவளி அன்று, நவம்பர் 4ஆம் தேதி, அப்போதைய முதல்வர் மு.க.ஸ்டாலின் பூஞ்சேரிக்கே போய் பட்டாவும் சாதிச் சான்றிதழும் கொடுத்தார். பல வருடங்களாக அவர்கள் கேட்டுவந்த பழங்குடியினர் பட்டியல் 2022 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 2023 ஜனவரியில் சட்டமானது. வேட்டை போய் 50 வருடம் கழித்து!

பறவை எந்த மரத்தில் அடையும், எப்போது எழும், எப்படிக் கூப்பிடும் என்று தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தவர்கள் அவர்கள். வேடந்தாங்கலிலும் கரிக்கிலியிலும் சீசன் நேரத்தில் பறவை காட்டும் வழிகாட்டிகளாகவும், காவலர்களாகவும், கணக்கெடுப்பில் உதவியாளர்களாகவும் அவர்களை மாதச் சம்பளத்தோடு அமர்த்தினால் என்ன குறைந்துவிடும்? ஈயம் உருக்கும் வேலை நடந்த குடியிருப்புகளில், பழைய பேட்டரி உடைக்கும் இடங்களில், வலைக்கு மணி வார்க்கும் மீனவர் வீடுகளில் குழந்தைகளுக்கு ரத்தப் பரிசோதனை முகாம் நடத்தினால் என்ன? போலியோ சொட்டு மருந்தை வீடு வீடாகக் கொண்டுபோன மாநிலத்துக்கு இது முடியாத காரியம் இல்லை.

துப்பாக்கி சுடுவதில் உண்மையான ஆர்வம் உள்ள மாணவர்களுக்கும் முறையான வழி இருக்கிறது. ரைஃபிள் கிளப்பில் சேரலாம், பயிற்சியாளரிடம் கற்கலாம், போட்டிக்குப் போகலாம். அதற்கு வீட்டில் ஈயம் உருக்கத் தேவையில்லை.

திரிபுரத்தை எரிக்கப் புறப்பட்ட சிவனின் தேர் அச்சு முறிந்த இடம் என்பதால்தான் அச்சிறுபாக்கம் என்று பெயர் வந்ததாகத் தலபுராணம் சொல்கிறது. முதலில் வணங்க வேண்டிய பிள்ளையாரை மறந்துவிட்டுப் போருக்குக் கிளம்பியதால் வந்த வினையாம். ஈயக்குண்டு விஷயத்திலும் அரசு முதலில் செய்ய வேண்டியதை மறந்துவிட்டுத் தடையை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பியது. தடை இருக்கட்டும், இன்னும் கடுமையாகவே இருக்கட்டும். ஆனால் பிடுங்கிய கைக்கு வேறு வேலை கொடுக்காத வரை, அடுப்பில் ஈயம் உருகுவது நிற்காது.