பூட்டைத் திறக்கலாம், பொம்மையை எடுக்கலாமா?

"ஆர்பிஜி மேக்கர் கேமை டீக்ரிப்ட் பண்ணிட்டேன் மச்சி"ன்னு ஹாஸ்டல்ல யாராவது சொன்னா, ஏதோ பேங்க் சர்வரை உடைச்ச மாதிரி பில்டப் ஏறுது. அவ்வளவு சீன் எல்லாம் இல்லை.

ஆர்பிஜி மேக்கர் என்பது பெரும்பாலும் தனி ஆட்கள் ஆசைக்காக ரோல் பிளேயிங் கேம் செய்யும் சாஃப்ட்வேர். 2015ல் வந்த எம்வி பதிப்பில் படங்களையும் இசையையும் பூட்டி வைக்கலாம். பூட்டு என்றால், ஃபைலின் முதல் 16 பைட்டை மட்டும் ஒரு சாவியோடு எக்ஸார் செய்து, முன்னால் ஒரு போலி ஹெடரை ஒட்டுவது. மீதி அப்படியே இருக்கும். நெட் இல்லாமலும் கேம் ஓடணும், அதனால் சாவியும் கேமுக்குள்ளேயே, சிஸ்டம் டாட் ஜேசன் ஃபைலில் கிடக்கிறது. கதவைப் பூட்டி சாவியை நிலை மேல வெச்ச கதை. பிஎன்ஜி படம்னா சாவிகூட வேண்டாம், எல்லா பிஎன்ஜிக்கும் முதல் 16 பைட் ஒண்ணேதான். செகண்ட் இயர் பசங்க பைத்தான்ல பத்து வரியில முடிச்சிடுவாங்க.

ஆக, திறக்கிறது திறமை இல்லை. திறந்து என்ன பண்றோம்ங்கிறதுதான் கேள்வி.

நம்ம ஊர்ல இது புதுசா என்ன? அடுத்த கம்பெனி டீ-ஷர்ட் கைக்கு வந்தா, ரவுண்ட் கட்டர்ல வெட்டி எடை போட்டு ஜிஎஸ்எம் பார்ப்பாங்க, தையலைப் பிரிச்சு அளவெடுப்பாங்க. யாரும் அதைத் திருட்டுன்னு சொல்றதில்லை. ஆனா நெஞ்சுல இருக்கிற பிரிண்ட்டை அப்படியே போட்டு வித்தா கதை வேற.

சட்டமும் கிட்டத்தட்ட அப்படித்தான். காப்புரிமைச் சட்டத்தில் 2012ல் சேர்த்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைத்தால் இரண்டு ஆண்டு வரை சிறை என்கிறது. நோக்கம்தான் முக்கியம். சட்டம் தடுக்காத காரியத்துக்காக இன்னொருத்தருக்கு உடைக்க உதவினாலும், அவர் பேர், அட்ரஸ், காரணம் எல்லாம் பதிவு வெச்சிருக்கணுமாம். பென்டிரைவ்ல டூல் சுத்த விடுறவங்க நோட்டு போட்டிருக்கீங்களா?

எனக்குக் கடுப்பாகிறது ஒரு விஷயம்தான். வேற ஒருத்தர் ராத்திரி முழிச்சு பிக்சல் பிக்சலா வரைஞ்ச கேரக்டரை உருவி, ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்ல "எங்கள் டிசைன்"னு ஸ்லைடு போடுறது. அந்தப் பக்கம் இருக்கிறது பெரிய கம்பெனி இல்லைங்க, பல நேரம் நம்ம வயசுப் பையனோ பொண்ணோதான்.

அதே டூலுக்கு நல்ல வேலையும் இருக்கு. ஒரு கேமைத் தமிழாக்கணும்னா, எம்வியில் வசனம் பூட்டில்லாமலே கிடைக்கும். டைட்டில், மெனு மாதிரி படமா இருக்கிற எழுத்துக்குத்தான் பூட்டைத் திறக்கணும். அதைவிடப் பெரிய தலைவலி, எம்வி வசனத்தை ஒவ்வொரு குறியீடாகத் தனித்தனியே வரையும். 'கொ' எழுதினா 'க' ஒரு பக்கம், கொம்பும் காலும் ஒரு பக்கம் நிக்கும். இதைச் சரி பண்ண ஒரு ப்ளகின் எழுதுங்க, அது உண்மையான ப்ராஜெக்ட்.

மொழிபெயர்ப்பு உரிமையும் கேம் செஞ்சவருக்குத்தான், அதனால வெளியிடுறதுக்கு முன்னாடி அவருக்கு ஒரு மெயில் போட்டுக் கேளுங்க.