எங்க ஓட்டன் தளபதி இல்லீங்க, பியூன்

ரெண்டு மாசமா இந்தப் பக்கம் தலைகாட்டல. ஆபீஸ்ல ஆணி அதிகம்னு சொன்னா நம்பவா போறீங்க? உண்மையான காரணம், வீட்டுல ஒரு சண்டை. சண்டைக்குக் காரணமானவர் செத்து நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. சண்டை மட்டும் புத்தம் புதுசு.

கதை இதுதான். எங்க சித்தப்பா, குலதெய்வக் கோயில் கும்பாபிஷேகத்துக்கு 'வம்ச வரலாறு'ன்னு ஒரு புத்தகம் போடுறேன்னு கிளம்பினார். புதுக்கோட்டைச் சீமையில பாதிப் பேர் வீட்டுல இருக்குற அதே கதைதான்: எங்க முன்னோர் தொண்டைமான் படையில தளபதி, ஆயிரம் குதிரை, தங்கப்பிடி போட்ட வாள், இத்யாதி. வாள் எங்கேன்னு கேட்டா 'அது அந்தக் காலத்துலயே போயிருச்சு'. எல்லார் வீட்டு வாளும் அந்தக் காலத்துலயேதான் போயிருக்கு :-)

"டே தம்பி, நீதான் கம்ப்யூட்டர்ல என்னமோ எழுதுறியே, ஆதாரம் தேடிக் குடு"ன்னார் சித்தப்பா. தேடினேன். அங்கதான் வினை.

ஒரு அலுவலகத்துல மூணு நாள் நடந்து, நாலாவது நாள் கட்டைப் பிரிச்சுக் காட்டினாங்க. 1888-ல புதுக்கோட்டை சமஸ்தானத்துல சேஷையா சாஸ்திரி காலத்துல இனாம் செட்டில்மென்ட் நடந்துச்சு. அந்தப் பதிவேட்டுல எங்க ஊர், எங்க வயல், எங்க ஓட்டன் பேர். (பாட்டன், பூட்டன், ஓட்டன். அந்த வரிசை.) நிலத்தோட வகை: அமரம். 

அமரம்னா தெரியாதவங்களுக்கு: ராஜா சம்பளம் தர மாட்டார், நிலம் தருவார். நீ சாப்பிட்டுக்க, கூப்பிட்டா ஆயுதத்தோட வந்து நிக்கணும். அப்படி நின்னவங்க அமரக்காரர்கள். அவங்களுக்கு மேல சேர்வைக்காரர்கள். வருஷம் முழுக்கப் பயிற்சி எடுக்குற பட்டாளம் கிடையாது, ஊர்ல இருந்துக்கிட்டே அழைப்பு வந்தா கிளம்புற படை. எங்க ஓட்டன் சேர்வைக்காரர் கூட இல்ல. வெறும் அமரக்காரர். அதுவும் அவர் காலத்துல சண்டையெல்லாம் ஓஞ்சுபோச்சு. அரண்மனைக் காவல், ராஜா வெளிய கிளம்பினா கூட நடக்குறது, இப்படித்தான். 1888-ல அந்த வேலையும் வேண்டாம்னு நிலத்துக்கு ஒரு லேசான வரியைப் போட்டு அவங்கவங்களுக்கே விட்டுட்டாங்க.

இதைவிடக் கொடுமை, அந்தக் காலத்து வெள்ளைக்காரன் காகிதங்கள்ல இந்த மாதிரி ஆளுங்களுக்கு என்ன பேர் தெரியுமா? பியூன். தொண்டைமானோட பியூன்கள், எட்டயபுரம் பியூன்கள், இப்படியே போகும். போர்த்துகீசியத்துலேர்ந்து வந்த வார்த்தை, காலாட்படைக்காரன்னு அர்த்தம். பின்னாடிதான் அது டீ வாங்கப் போற பியூன் ஆச்சு. இதை ஆசையா ஃபோன் பண்ணிச் சொன்னேன். சித்தப்பா ரெண்டு நிமிஷம் பேசல. அப்புறம், "நம்ம வம்சத்தைப் பியூன்ங்கிறியா? உனக்கு யாருடா காசு குடுத்தா?"ன்னார்.

அர்த்தத்தை விளக்கினேன். எடுபடல. சரி, அது சிரிச்சுட்டுப் போற விஷயம். நான் இந்தப் பதிவை எழுதக் காரணம் அடுத்த சண்டை.

புத்தகத்தோட கைப்பிரதியில 1750-கள் இருந்துச்சு. திருச்சி முற்றுகையில கிடந்த கும்பெனிப் படைக்குத் தொண்டைமான் சீமையிலேர்ந்து தானியம் போன கதை, விலாவாரியா. ஹைதர் அலி படையெடுத்த கதையும் இருந்துச்சு. அதுக்கப்புறம் நேரா 1888. நடுவுல 1799 காணோம், 1801 காணோம். 

1799 செப்டம்பர்ல பாஞ்சாலங்குறிச்சி விழுந்து, கட்டபொம்மன் தப்பிச்சு புதுக்கோட்டைச் சீமைக்குள்ள திருக்களம்பூர்ப் பக்கம் வந்தார். கலெக்டர் லூஷிங்டன் தொண்டைமானுக்கு எழுதினார். பிடிச்சது தொண்டைமான் ஆட்கள். அக்டோபர் 16, கயத்தாறுல தூக்கு. 1801-ல மருது சகோதரர்களுக்கு எதிராவும் தொண்டைமான் படை கும்பெனியோட நின்னுச்சு. 1803-ல கும்பெனி கீழாநிலைக் கோட்டையையும் அதைச் சுத்தின சீமையையும் தொண்டைமானுக்குக் கொடுத்தது. பதிலுக்கு வருஷத்துக்கு ஒரு யானை தரணும்னு நிபந்தனை. அந்த யானையையும் கும்பெனி ஒரு தடவை கூட வாங்கல, 1836-ல வேண்டாம்னே எழுதிக் கொடுத்துட்டாங்க. 

'தொண்டைமான் ஆட்கள்'னா யாருங்க? ராஜா தானே காட்டுக்குள்ள போய்த் தேடினாரா? அமரக்காரன்தான் போயிருப்பான். எங்க ஓட்டனோட தாத்தாவோ அவரோட பங்காளியோ அந்தக் கூட்டத்துல இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம். பேர் எங்கயும் கிடையாது. மதராஸ் ராணுவத்தோட வரலாறுன்னு வில்சன் எழுதின தலகாணி சைஸ் புத்தகங்களைப் பாருங்க, செத்த வெள்ளைக்கார லெப்டினன்ட்டுக்குப் பேர் இருக்கும், செத்த சிப்பாய்க்கு எண்ணிக்கை இருக்கும். சிப்பாய்க்கே அதான் கதின்னா கூலியில்லாத அமரக்காரனுக்கு எண்ணிக்கை கூட மிஞ்சாது.

"இதைப் போடுங்க சித்தப்பா"ன்னேன். "போட்டா நம்மளை எட்டப்பன்ம்பான்"னார். 

அவர் பயமும் புரியுது. 1959-ல படம் வந்த நாள்லேர்ந்து புதுக்கோட்டைன்னு சொன்னாலே "காட்டிக் கொடுத்த ஊரா?"ன்னு ஒரு நக்கல் வரும். ஹாஸ்டல்ல நானே வாங்கிக் கட்டிக்கிட்டிருக்கேன். அப்படிக் கேக்குறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். தொண்டைமான் கட்டபொம்மனோட குடிமகன் இல்ல, கூட்டாளியும் இல்ல. அம்பது வருஷமா கும்பெனி பக்கம் நின்ன ஆள், அன்னிக்கும் அங்கேயே நின்னார். உங்க ஊர்ப் பாளையக்காரரோட ஆட்கள் 1799-லயும் 1801-லயும் எந்தப் பக்கம் நின்னாங்கன்னு போய்ப் பாருங்க, பாதிப் பேருக்கு வாய் அடைச்சுரும். துரோகிங்கிற முத்திரையை ஒரே ஊர் மேல குத்திட்டு மத்தவங்க எல்லாம் தியாகி வம்சமா நடக்குறது ரொம்ப சௌகரியம்.

ஆனா இந்த வாதத்தைப் புத்தகத்துல எழுத வேண்டியதுதானே சித்தப்பா? ஏன் பக்கத்தையே கிழிக்கிறீங்க? 'எங்க ஆளு ராஜா சொன்னதைச் செஞ்சான்'னு சொல்றதுல பாதி உண்மை இருக்கு. மீதிப் பாதி, அதுக்கான கூலியா வந்த நிலத்தை நாம அஞ்சாறு தலைமுறை சாப்பிட்டோம். எங்க அப்பாவை காலேஜ்ல சேத்தது அந்த வயல்ல ஒரு துண்டை வித்த காசு. நான் இன்னிக்கு ஏசி ரூம்ல உக்காந்து டொக்கு டொக்குன்னு தட்டுறதும் அதே கணக்குலதான் வருது. ஆக, அமரக்காரன் பேரன்னு பெருமை மட்டும் வேணும், அமரம் எதுக்குக் கிடைச்சதுன்னு யாரும் கேக்கக் கூடாது!

இப்ப வாட்ஸப்புல சாதிக்கு ஒரு குழு, குழுவுக்கு ஒரு வீடியோ, வீடியோவுக்கு ஒரு குதிரை. எல்லாருமே தளபதி. எல்லாரும் தளபதின்னா சோறு வடிச்சது யாரு, உழுதது யாரு?

உழுததுன்னதும்தான் அப்பத்தா ஞாபகம் வருது. அது சொல்லும்: "அவுக உழுதாக, நாம அளந்தோம்." அமரக்காரன் கோட்டையில காவல் நிக்கும்போது வயல் தானா விளையல. எங்க வயலை உழுதவங்க ஊர்க் கிழக்கால இருக்குற தெருவுல இன்னும் இருக்காங்க. பதிவேட்டுல யாருக்குக் கொடுத்தது, இப்ப அனுபவிக்கிறது யார், எல்லாம் இருக்கு. உழுதவன் பேர் நான் பாத்த பக்கங்கள்ல இல்ல. 

புத்தகம் வந்துருச்சு. பளபளன்னு அட்டை, குதிரை மேல ஒரு ஆள், மீசை மட்டும் ரெண்டு இன்ச். 1799 இல்ல. நன்றி தெரிவிக்கிற பக்கத்துல என் பேர் வேற, 'ஆவணங்கள் தந்து உதவிய'ன்னு. அவ்வ்வ்! அதனாலதான் இங்க எழுதி வைக்கிறேன், நான் கொடுத்தது அது இல்ல.

கும்பாபிஷேகத்தன்னிக்கு கிழக்கத் தெரு அண்ணன் ஒருத்தர், எழுபதைத் தாண்டியிருக்கும், புத்தகத்தைப் புரட்டிட்டு, "இதுல எங்க அய்யா பேரு எங்கயாச்சும் வருதா தம்பி?"ன்னு கேட்டார். "இல்லண்ணே"ன்னேன். மூடி என் கையில கொடுத்துட்டு பந்திக்குப் போயிட்டார்.

புதுக்கோட்டைப் பக்கத்துப் பதிவர்கள் யாராவது சமஸ்தானத்து கிராமக் கணக்குகளைப் பாத்திருந்தா, சாகுபடி செஞ்சவங்க பேர் எந்தக் கணக்குல வரும்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. அடுத்த மாசம் மறுபடி போறேன். இந்தத் தடவை எங்க ஓட்டனுக்காக இல்ல.

டிஸ்கி: சித்தப்பா இந்தப் பதிவைப் படிக்க மாட்டார். ஆனா அவருக்கு ஃபார்வர்ட் பண்ண நம்ம ஆளுங்க நாலு பேர் ரெடியா இருப்பீங்கன்னு தெரியும். நல்லா இருங்கய்யா!